யூட்டா கேன்யன் பூங்காக்களில் பெண்கள் குழு நடைப்பயணம்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தெற்கில் ஸயான், பிரைஸ் கேன்யன், கேப்பிடல் ரீஃப் என்ற மூன்று தேசியப் பூங்காக்களை ஒரே வாரத்தில் நடந்து பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரக் கார் பயணம்தான். பகலில் நடை, இரவில் விடுதிக் கட்டில் என்று அமைத்துக்கொள்ள முடிவதால், கூடாரம் சுமந்து பழக்கமில்லாத பெண்களும் தைரியமாகச் சேரலாம். பெண்கள் மட்டும் போகும் கைடுப் பயணங்கள் இந்தத் தடத்தில் நிறைய நடக்கின்றன.

பாதை காட்டுவது, வண்டி ஓட்டுவது, வானிலை பார்ப்பது எல்லாம் கைடு பொறுப்பு. ஆனால் இந்த மண்ணில் பெண்களை நோயில் தள்ளுபவை பெரும்பாலும் இரண்டு பழக்கங்கள். ஒதுங்க இடம் கிடைக்காதே என்று தண்ணீரைக் குறைப்பது ஒன்று. கால் எரிந்தாலும் தலை சுற்றினாலும் மற்றவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று “பரவாயில்லை, நடந்துடலாம்” என்பது இன்னொன்று. பெண்கள் குழுவாகப் போவதன் உண்மையான லாபமே இந்த இரண்டையும் கூச்சமில்லாமல் வாய்விட்டுச் சொல்ல முடிவதுதான். அந்த லாபத்தை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது

செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் மூன்றாம் வாரம் வரை. எங்கள் தேர்வு இதுதான், காரணங்கள் இவை.

ஸயானில் ஜூலை மாதப் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொடும், சில நாள் தாண்டும். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை பருவமழைக் காலம். பிற்பகலில் திடீரென இடிமழை கொட்டி, குறுகிய கேன்யன்களில், அதாவது செங்குத்துப் பாறைச்சுவர் கொண்ட பள்ளத்தாக்குகளில், வெள்ளம் பாயும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் இதமாக இருக்கும், பூக்களும் உண்டு. ஆனால் மேல்மலைப் பனி உருகி, ஸயான் வழியே ஓடும் வர்ஜின் ஆறு நிரம்பி ஓடுவதால், அந்த ஆற்றுக்குள்ளேயே நடக்கும் நேரோஸ் என்ற இடுக்கு, ஸயானின் சிறந்த நடை, பல வாரங்கள் மூடியே கிடக்கும். நேரோஸ் வேண்டாம் என்றால் மே மாதம் தாராளமாகப் போகலாம்.

அக்டோபரில் ஸயான் பகலில் 25 டிகிரி அளவில் இருக்கும்போது பிரைஸில் இரவு உறைநிலைக்கு இறங்கும். ஸயான் பள்ளத்தாக்குத் தளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர். பிரைஸில் நடை தொடங்கும் மேல் விளிம்பு 2,400 முதல் 2,700 மீட்டர். ஒரே பயணத்தில் இரண்டு காலநிலைகள் என்று எண்ணிப் பெட்டி கட்டுங்கள். முதல் இரண்டு மூன்று நாட்களை ஸயானில் கழித்துவிட்டு பிரைஸுக்கு ஏறும் திட்டமே நல்லது. உடம்பு படிப்படியாக உயரத்துக்குப் பழகும். விமானத்தில் இறங்கிய மறுநாளே பிரைஸில் நீண்ட நடை வைத்திருக்கும் திட்டத்தில் தலைவலியும் மூச்சு வாங்கலும் நிச்சயம் சிலருக்கு வரும்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

இணையதளப் படங்கள் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தேசியப் பூங்காவுக்குள் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்ட, பூங்கா நிர்வாகத்தின் வணிக அனுமதி வேண்டும். மூன்று பூங்காவுக்கும் தனித்தனியாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி. ஸயான் பூங்காவுக்குள் கயிறு கட்டி இறங்கும் கேன்யனியரிங்கைக் கைடுகள் வணிகமாக நடத்த அனுமதி இல்லை. “ஸயானுக்குள் கயிறு இறக்கம்” என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தால், அது பூங்காவுக்கு வெளியே உள்ள நிலமாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதிலேயே நேர்மை தெரிந்துவிடும்.

கைடுக்கு என்ன முதலுதவிப் பயிற்சி? ஆம்புலன்ஸ் வர மணிக்கணக்கு ஆகும் இடங்களுக்கென்றே ‘வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்’ என்று 70 மணி நேரத்துக்கும் மேலான பயிற்சி இருக்கிறது. தலைமைக் கைடுக்கு அது வேண்டும். வார இறுதியில் 16 மணி நேரத்தில் முடியும் சிறு பயிற்சி உதவிக் கைடுக்குப் போதும்.

குழுவில் எத்தனை பேர், கைடு எத்தனை பேர்? ஆறு பேருக்கு ஒருவர் சரியான விகிதம். பன்னிரண்டு பேருக்கு இருவர் இருந்தால் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசி ஆளுக்குப் பின்னால் நடப்பார். பத்துப் பேருக்கு ஒரே கைடு என்றால், ஒருவருக்குக் கணுக்கால் பிசகினாலும் மொத்தக் குழுவும் அங்கேயே நிற்கும். யாராவது துணையில்லாமல் திரும்பி நடக்கவும் நேரும்.

நேரோஸ் மூடியிருந்தால் அன்றைக்கு என்ன மாற்று? “அங்கே போய்ப் பார்ப்போம்” என்று பதில் வந்தால் அவர்களிடம் திட்டமே இல்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி கொண்டு வருவார்களா என்றும் கேளுங்கள். இந்தப் பூங்காக்களில் பெரும்பாலான பாதைகளில் செல்போன் சிக்னல் கிடையாது.

அறை பகிர்வு, தனி அறைக்கு எவ்வளவு கூடுதல், கைடும் பெண்ணா, கழிவறை எந்தெந்தப் பாதைகளில் உண்டு, சைவம் என்றால் முட்டை சேருமா என்பதையெல்லாம் தயங்காமல் கேளுங்கள். அமெரிக்காவில் ‘வெஜிடேரியன்’ மதியச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் சீஸ் வைத்த ராப் அல்லது சாண்ட்விச். ஐந்து நாள் அதையே தின்ன முடியாது என்பவர்கள் சொந்தத் தின்பண்டத்தைத் திட்டமிட வேண்டும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்கள், ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு எடுங்கள். பூங்கா ரேஞ்சர்கள் தேடி மீட்பதற்குப் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. அதற்குப் பிறகு வரும் ஆம்புலன்ஸ், மருத்துவமனைப் பில்தான் குடும்பத்தை உலுக்கும்.

கட்டணம், அனுமதி

2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காத 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஸயான், பிரைஸ் உட்பட 11 பூங்காக்களில் வழக்கமான நுழைவுக் கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் உண்டு. அவர்களுக்கான ஆண்டு அட்டை 250 டாலர், அமெரிக்கவாசிகளுக்கு 80 டாலர். கேப்பிடல் ரீஃப் அந்த 11 பூங்காப் பட்டியலில் இல்லை. ஊரிலிருந்து அம்மாவையோ தங்கையையோ அழைத்துப் போவதாக இருந்தால், இந்தத் தொகை பயணக் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸயானில் உள்ள ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை உச்சிக்கு ஏற 2022 ஏப்ரல் முதல் தனி அனுமதி வேண்டும். ரெக்ரியேஷன்.காவ் என்ற அமெரிக்க அரசுத் தளத்தில் குலுக்கல். செப்டம்பர் முதல் நவம்பர் வரையான நாட்களுக்கு ஜூலை 1 முதல் 20 வரை விண்ணப்பிக்கலாம். ஒரு விண்ணப்பத்தில் ஆறு பேர் வரை சேரலாம். விண்ணப்பத்துக்கு 6 டாலர், அனுமதி கிடைத்தால் தலைக்கு 3 டாலர். தவறவிட்டால் முந்தின நாள் குலுக்கலில் பிற்பகல் 3 மணி வரை பெயர் போடலாம். குலுக்கலில் எந்த நிறுவனமும் உறுதி தர முடியாது. தருகிறோம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

பத்து வாரப் பயிற்சி

முதல் நான்கு வாரம்: வாரம் மூன்று நாள் 45 நிமிட வேக நடை, வார இறுதியில் ஒருமுறை 6 முதல் 8 கிலோமீட்டர். பயணத்துக்குப் போடப்போகும் அதே காலணியைப் போட்டு நடங்கள்.

ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை படிக்கட்டு. 15 மாடியில் தொடங்கி 40 மாடி வரை ஏறி இறங்குங்கள். முதுகுப் பையில் 3 கிலோ வைத்துத் தொடங்கி 6 கிலோவுக்கு வாருங்கள். எடைக்குத் தண்ணீர் பாட்டிலே வைக்கலாம், முழங்கால் வலித்தால் கொட்டிவிட்டு இறங்க வசதி.

பலர் விட்டுவிடுவது இறக்கப் பயிற்சி. பிரைஸில் காலையில் முதலில் இறங்கி, களைத்த பிறகு ஏற வேண்டும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழகாத தசைக்கு அடுத்த நாள் வலி கடுமையாக இருக்கும், தள்ளாட்டமும் வரும். 20 சென்டிமீட்டர் படியில் ஒரு காலில் நின்று, மற்ற காலின் குதிகால் தரையைத் தொடும் வரை மூன்று வினாடி எண்ணி மெதுவாக இறங்குங்கள். ஒரு காலுக்கு 12 முறை, மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள்.

ஒன்பதாவது, பத்தாவது வாரங்களில் சனிக்கிழமை 12 கிலோமீட்டர், ஞாயிறு 8 கிலோமீட்டர் என்று அடுத்தடுத்த நாள் நடங்கள். இந்தப் பயணத்தின் கடினமே அடுத்தடுத்த நாள் நடப்பதுதான். கிளம்பும் வாரம் ஓய்வு, லேசான நடை மட்டும்.

காலணி, பை, துணி

பிரைஸ் பூங்காவில் காயங்களுக்கு முதல் காரணம் பொருத்தமில்லாத காலணி என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. சரளைக்கல் உருளும் சரிவில் வழுவழு அடிப்பாகம் உள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ பிடிக்காது. ஆழமான பற்கள் கொண்ட ஹைக்கிங் ஷூ வேண்டும், வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக. மாலையில், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு கடையில் சரிபாருங்கள். சரிவில் நின்றால் பெருவிரல் முன்பக்கம் முட்டக் கூடாது. முட்டினால் இரண்டாம் நாள் நகம் கறுக்கும். கிளம்புவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே நகத்தை வெட்டிவிடுங்கள்.

பை 20 முதல் 25 லிட்டர் போதும். வாங்கும்போது உயரத்தைப் பார்க்காமல் முதுகின் நீளத்தைப் பாருங்கள். தலையைக் குனிந்தால் பிடரியில் துருத்தும் எலும்பிலிருந்து, இரண்டு இடுப்பெலும்பு உச்சிகளையும் இணைக்கும் கோடு வரை அளந்தால் அதுதான் உங்கள் அளவு. இடுப்புப் பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கி, பிறகு தோள் பட்டையை இழுங்கள். எடையில் பெரும்பகுதி இடுப்பில் இறங்கினால் கழுத்து வலி வராது. தோள் பட்டை மார்பை அழுத்தினால், பெண்களுக்கென வளைந்த பட்டையுள்ள பைக்கு மாறிவிடுங்கள். சகித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை.

துணி விஷயத்தில், உலர்ந்த வெயிலில் மெல்லிய பருத்திச் சட்டை கெடுதல் இல்லை, வியர்வையை வைத்திருந்து குளிர்ச்சி தரும். அதே பருத்தி நேரோஸ் ஆற்றுக்குள்ளும் பிரைஸின் விடியற்காலையிலும் ஆபத்து. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே முழுக்கை செயற்கை இழைச் சட்டை இரண்டு, மெல்லிய கம்பளி உள்சட்டை ஒன்று, இறகு அடைத்த ஜாக்கெட், மழை ஜாக்கெட், அகல விளிம்புத் தொப்பி, குல்லாய், கையுறை. பிராவும் பருத்தி வேண்டாம், பைப் பட்டைக்குக் கீழே கொக்கியோ தடித்த தையலோ வரக் கூடாது. நீளக் கூந்தலைப் பின்னிக் கட்டுங்கள், காற்றும் மணலும் சேர்ந்தால் மாலையில் சிக்கெடுக்க முடியாது.

தண்ணீர், உப்பு, ஒதுங்கும் இடம்

ஒரு நாளைக்கு ஆளுக்கு 4 லிட்டர் என்பது ஸயான் பூங்காவின் அறிவுரை. உறிஞ்சு குழாய் பொருத்திய 3 லிட்டர் தண்ணீர்ப் பையில் வெறும் தண்ணீர், 1 லிட்டர் பாட்டிலில் எலக்ட்ரோலைட் கலந்த தண்ணீர் என்று பிரித்துக்கொள்வது நல்ல முறை. பாலைவனக் காற்று வறண்டிருப்பதால் வியர்வை தோலில் நிற்காது. “எனக்கு வியர்க்கவே இல்லையே” என்று தோன்றும். சட்டை முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருப்பதைப் பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று புரியும்.

வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை, பத்து நிமிடத்துக்கு இரண்டு மடக்காகக் குடியுங்கள். கூடவே உப்பும் வேண்டும். சாப்பிடாமல் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். பார்ப்பதற்கு வெயில் மயக்கம் போலவே இருப்பதால், இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையை மோசமாக்கிவிடுவார்கள். வேறுபாட்டுக்கு ஒரு குறிப்பு: அவர் நிறையக் குடித்திருந்து, அடிக்கடி நிறமில்லாத சிறுநீர் போயிருந்து, எதுவும் சாப்பிடாமல் இருந்தால் உப்புக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை உப்புள்ள தின்பண்டம் எடுத்தால் இந்த நிலை பெரும்பாலும் வராது. முறுக்கு, காராசேவு, வறுத்த வேர்க்கடலை இதற்கு மிகப் பொருத்தம், வெயிலில் உருகாது, கெடாது. ரத்த அழுத்தத்துக்காக நீர் போக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் உப்பு, தண்ணீர் அளவை முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

வெயில் களைப்பில் தோல் ஈரமாக, முகம் வெளிறி, தலை சுற்றும். நிழலில் உட்காரவைத்து, சட்டையை நனைத்து, உப்புக் கலந்த தண்ணீரைக் கொடுத்தால் அரைமணியில் தேறுவார். பேச்சு குளறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ அது வெயில் தாக்கு. உடனே உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், கைடு உதவிக்கு அழைக்க வேண்டும். குடிக்க வைத்திருக்கும் தண்ணீரையே ஊற்றினாலும் சரி.

இனி, பலரும் பேசத் தயங்கும் பகுதி. தண்ணீரைக் குறைத்து, சிறுநீரை அடக்கி நடந்தால் மூன்றாம் நாள் சிறுநீர்த் தொற்று வந்து நிற்கும். அருகில் பெரிய மருத்துவமனை இல்லாத ஊர்கள் இவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போகவில்லை என்றால் போதுமான அளவு குடிக்கவில்லை என்று அர்த்தம்.

ஸயானில் குரோட்டோ பேருந்து நிறுத்தம், டெம்பிள் ஆஃப் சினவாவா ஆகிய இடங்களிலும், பிரைஸில் சன்செட் பாயின்ட்டிலும் கழிவறை உண்டு. அவற்றைக் கடக்கும்போது தேவையில்லை என்றாலும் போய்விட்டு வாருங்கள். இடைவழியில் என்றால் கைடிடம் சொல்லுங்கள், குழு நிற்கும், கடைசிக் கைடு பாதையைப் பார்த்துக்கொள்வார். நீரோட்டத்திலிருந்தும் பாதையிலிருந்தும் 200 அடி, அதாவது ஏறக்குறைய 70 எட்டு தள்ளிப் போங்கள். நின்றபடி போக உதவும் புனல் கருவியை விரும்பினால் வீட்டில் குளியலறையில் சில தடவை பழகிவிட்டு வாருங்கள், பாறை விளிம்பில் முதன்முதலாக முயன்றால் துணி நனையும். துடைத்த காகிதத்தை மண்ணில் புதைக்காதீர்கள். ஈரமில்லாத மண்ணில் அது மக்காமல் வருடக்கணக்கில் கிடக்கும். ஜிப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

மாதவிடாய் நாள் பயணத்தில் வரும் என்றாலும் வராது என்றாலும் பொருட்களை எடுத்துக்கொள்ளுங்கள். விமானம், உயரம், அலைச்சல் என்று தேதி முன்னே பின்னே நகர்வது சகஜம். வெளியில் தெரியாதபடி டக்ட் டேப் ஒட்டிய ஜிப் பை ஒன்று, உள்ளே பயன்படுத்திய பேடுகளுக்கான சிறு பைகள், நாற்றத்துக்கு ஒரு டீ பை அல்லது கொஞ்சம் பேக்கிங் சோடா. மென்ஸ்ட்ருவல் கப் பழக்கமுள்ளவர்களுக்குக் குப்பை மிச்சம். ஆனால் மணல் படிந்த கையை முதலில் கழுவ அரை கப் சுத்தத் தண்ணீர் ஒதுக்க வேண்டும், சானிடைசர் மட்டும் போதாது. பயணத்தில்தான் முதல்முறை கப் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நேரோஸ் நாளில் இடுப்பளவு தண்ணீர் வரலாம் என்பதால் அன்றைக்குப் பேடு உதவாது.

நாள் வரிசை

விமானம் இறங்கும் லாஸ் வேகஸிலிருந்து ஸயான் வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் ஊருக்கு சுமார் 260 கிலோமீட்டர். லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடாவைவிட யூட்டா ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், மதியம் இறங்கினால் சாயங்காலம்தான் போய்ச் சேருவீர்கள். அன்று பாரூஸ் பாதையில் ஆற்றோரம் ஒரு மணி நேரம் நடந்தால் போதும். அன்றிரவே கைடிடம் உங்கள் மருந்துகள், முழங்கால், உயரப் பயம், உறக்கம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நாள் நேரோஸ். மார்ச் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் இலவசப் பேருந்து ஓடும், அப்போது தனியார் கார்களுக்கு உள்சாலையில் அனுமதி இல்லை. முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவில் இறங்கி, ஒரு மைல் தார்ப்பாதை முடிந்ததும் பாதையே ஆறுதான். ஸ்பிரிங்டேல் கடைகளில் நியோபிரீன் (ஈரத்திலும் சூடு காக்கும் ரப்பர்) சாக்ஸ், ஆற்றுக் காலணி, நீண்ட மரக்கம்பு மூன்றையும் முந்தின மாலையே வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.

ஆற்றடிக் கற்கள் உருண்டை, பாசி படிந்தவை. கல்லின் மேல் கால் வைக்காமல் இரண்டு கல்லுக்கு இடையே பாதத்தைத் தேய்த்தபடி வையுங்கள். கம்பை நீர் வரும் பக்கம் ஊன்றி, அதன்மேல் சாய்ந்து, ஒரு காலை நகர்த்தி நன்றாக ஊன்றிய பிறகே மற்றக் காலை எடுக்க வேண்டும். கம்பும் ஒரு காலும் எப்போதும் தரையில் இருக்கட்டும். கம்பைக் கீழ்நீர்ப் பக்கம் ஊன்றினால் ஓட்டம் தள்ளும்போது அது நழுவிவிடும். ஆழமான இடத்தில் பையின் இடுப்புப் பட்டையையும் மார்புக் கொக்கியையும் கழற்றிவிட்டு நடங்கள், விழுந்தால் பையை உதற முடியும். இந்த ஆற்றில் நச்சு உண்டாக்கும் சயனோபாக்டீரியா காணப்படுவதால், தண்ணீரை வடிகட்டிக்கூடக் குடிக்கக் கூடாது, தலையை முக்கக் கூடாது. ஆர்டர்வில் கேன்யன் சேருமிடம் வரை போய்த் திரும்பினால் சுமார் 5 மைல், நிலத்தில் நடப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். அனுமதியில்லாமல் போகக்கூடிய எல்லை பிக் ஸ்பிரிங், போய்வர 9.4 மைல். பெரும்பாலான குழுக்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

ஆற்றில் நொடிக்கு 150 கனஅடிக்கு மேல் தண்ணீர் ஓடினால் நேரோஸை மூடிவிடுவார்கள். மேட்டூர் அணைச் செய்தியில் ஆயிரக்கணக்கான கனஅடி கேட்டுப் பழகியவர்களுக்கு 150 சின்ன எண்ணாகத் தோன்றும். இரண்டு பக்கமும் பாறைச்சுவர் எழும்பி நிற்கும் இடுக்கில் அது ஆளை இழுக்கப் போதுமானது.

திடீர் வெள்ளம் பற்றி ஒரு விஷயத்தை மனதில் ஆழப் பதியுங்கள்: மழை உங்கள் தலைமேல் பெய்ய வேண்டியதில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் லோயர் ஆன்டலோப் கேன்யனில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. 2015 செப்டம்பர் 14 அன்று ஸயானின் கீஹோல் கேன்யனில் இறங்கிய 7 பேரும் வெள்ளத்தில் இறந்தார்கள். வெறும் பாறையும் வறண்ட மண்ணும் மழையை உறிஞ்சாமல் அப்படியே கேன்யனுக்குள் தள்ளிவிடுகின்றன. வானிலைத் துறை தினமும் வெள்ள வாய்ப்பை நான்கு நிலையில் அறிவிக்கிறது: எதிர்பார்க்கவில்லை, சாத்தியம், வாய்ப்பு அதிகம், எதிர்பார்க்கிறோம். மூன்றாம், நான்காம் நிலையில் இடுக்கான கேன்யனுக்குள் கைடு அழைத்தாலும் போகாதீர்கள்.

உள்ளே இருக்கும்போது தெளிந்த நீர் கலங்கினாலோ, சுள்ளியும் இலையும் மிதந்து வந்தாலோ, மேல்பக்கம் இரைச்சல் கூடினாலோ உடனே மேட்டில் ஏறுங்கள். வெள்ளத்தை முந்தி ஓட முடியாது. சில அடி உயரம்கூட உயிரைக் காக்கும். ஏறிய பிறகு தண்ணீர் வடியும் வரை, இரவானாலும், அங்கேயே இருக்க வேண்டும். அதற்குத்தான் நேரோஸ் நாளில் நீர்புகாப் பையில் ஒரு மாற்று உடையும் கூடுதல் தீனியும் டார்ச்சும்.

மூன்றாம் நாள் குரோட்டோவிலிருந்து ஸ்கவுட் லுக்அவுட் காட்சிமுனை. சுமார் 1,000 அடி ஏற்றம், கடைசியில் வால்டர்ஸ் விக்கில்ஸ் என்ற 21 கொண்டை ஊசி வளைவுகள். இதுவரை அனுமதி தேவையில்லை. இங்கிருந்து ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சிக்கு அரை மைல், முழுதும் சங்கிலி பிடித்து நடக்கும் கத்திமுனைப் பாறை, இருபுறமும் பாதாளம். எதிரே வருபவருக்கு வழிவிட நிற்கும்போதுகூட ஒரு கை சங்கிலியில் இருக்க வேண்டும். மடக்கும் நடைக்கம்பு கொண்டு வந்திருந்தால் மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். பாறை ஈரமாக இருந்தால், காற்று பலமாக வீசினால், இடி கேட்டால் அனுமதி கையில் இருந்தாலும் விட்டுவிடுங்கள். உயரப் பயம் உள்ளவர்கள் ஸ்கவுட் லுக்அவுட்டில் உட்கார்ந்து பார்க்கும் காட்சியே மனதை நிறைக்கும். வற்புறுத்தி இழுத்துப் போகும் தோழியைக் கைடு தடுக்க வேண்டும்.

நான்காம் நாள் 1930-ல் திறந்த 1.1 மைல் சுரங்கப் பாதை வழியாகக் கிழக்கே போய், கேன்யன் ஓவர்லுக் என்ற ஒரு மைல் நடை. பிறகு இரண்டு மணி நேரத்தில் பிரைஸ். அன்று விளிம்பில் சூரிய அஸ்தமனம் மட்டும் போதும், உடம்பு உயரத்துக்குப் பழகட்டும்.

ஐந்தாம் நாள் குவீன்ஸ் கார்டன் வழியாக இறங்கி நவஹோ லூப் வழியாக ஏறுங்கள், 2.9 மைல், சுமார் 600 அடி. தெம்புள்ளவர்கள் நடுவில் பீக்அபூ லூப்பையும் சேர்த்தால் 6 மைலுக்கு மேல் போகும். ஹூடூ எனப்படும் செம்பாறைத் தூண்கள் விரிசலில் புகுந்த நீர் இரவில் உறைந்து, பகலில் உருகிப் பாறையைப் பிளந்ததால் உருவானவை. சூரியன் உதிக்கும் நேரத்தில் இறங்கினால் பக்கவாட்டு வெளிச்சத்தில் தூண்கள் உள்ளிருந்தே எரிவதுபோல் தெரியும், கூட்டமும் இருக்காது. விளிம்பில் இருக்கும்போது மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 வினாடிக்குக் குறைந்தால் வண்டிக்குள் போய்விடுங்கள்.

ஆறாம் நாள் நெடுஞ்சாலை 12. வழியில் லோயர் காஃப் கிரீக் அருவி, போய்வர 6 மைல், ஏற்றம் அதிகமில்லை, ஆனால் மணலில் நடப்பதால் கெண்டைக்கால் களைக்கும். முடிவில் 126 அடி அருவி. இரவு கேப்பிடல் ரீஃப் அருகே உள்ள டோரி ஊரில்.

ஏழாம் நாள் கேப்பிடல் ரீஃப். காலையில் ஹிக்மன் பிரிட்ஜ், 1.8 மைல். பிறகு கேசிடி ஆர்ச், 3.4 மைல், 670 அடி ஏற்றம். வளைவின் மேலேயே நடக்கலாம். வெறும் பாறையில் பாதை தெரியாது, சிறு கற்குவியல்களைப் பார்த்துப் போக வேண்டும், நீங்களாக ஒன்றை அடுக்காதீர்கள். பூங்காவுக்குள் உள்ள ஃபுரூட்டா பழத்தோட்டங்களில் இலையுதிர் காலத்தில் ஆப்பிள் பறிக்கத் திறந்திருந்தால், எடை போட்டு, பெட்டியில் காசு போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

நடக்கும்போது

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். முழு வாக்கியம் பேச மூச்சு போதவில்லை என்றால் குறைக்கச் சொல்லுங்கள். பாதத்தில் ஓர் இடம் சுடுவதுபோல் உணர்ந்த அந்த நிமிடமே நில்லுங்கள். காலணியைக் கழற்றி, மணலைத் தட்டி, பாதத்தை உலர்த்தி, லூக்கோடேப் என்ற ஒட்டுப் பட்டையில் ஒரு துண்டைச் சுருக்கமில்லாமல் ஒட்ட ஐந்து நிமிடம் போதும். அடுத்த ஓய்விடத்தில் பார்க்கலாம் என்று நடந்தால் கொப்புளம், பிறகு மூன்று நாள் நொண்டல்.

பாதையோரம் கறுத்து, மேடும் பள்ளமுமாக, பொருக்குத் தட்டியதுபோல் தெரியும் மண்ணை மிதிக்காதீர்கள். அது உயிருள்ள மண். நுண்பாசிகளும் பூஞ்சைகளும் இழையால் மணலைக் கட்டி வைத்திருக்கின்றன. ஒரு காலடித் தடம் ஆற பல பத்தாண்டுகள் ஆகும். ஒதுங்கப் போகும்போதுகூடப் பாறை மேலோ, வெள்ளம் அரித்த மணல் வாய்க்காலிலோ நடங்கள்.

திரும்புதல்

டோரியிலிருந்து லாஸ் வேகஸ் ஐந்தரை மணி நேரம், நெவாடாவில் நுழைந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். சால்ட் லேக் சிட்டி மூன்றரை மணி நேரம்தான் என்பதால், திரும்பும் விமானத்தை அங்கிருந்து பிடிக்க நிறுவனம் ஒத்துக்கொள்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். கைடுகளுக்குப் பயணக் கட்டணத்தில் 10 முதல் 15 சதவீதம் டிப் கொடுப்பது அங்குள்ள வழக்கம், அதைத் தொடக்கத்திலேயே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். ஆற்றுக் காலணி, கம்பு வாடகைப் பொருட்களை நேரோஸ் முடிந்த மாலையே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், மறுநாளானால் அடுத்த நாள் வாடகையும் சேரும்.